சுவர் கட்டினவங்க கையெழுத்து

மௌலா அலியில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ரயில்வே ஒர்க்ஷாப் காக்கியில் இரண்டு பேர். மூத்தவர் மடியில் ஒரு வெளிநாட்டுக் கவர்.

“சுவர் இருக்குன்னு, கட்டினவங்களே எழுதிக் கொடுக்கணுமாம்.”

“எந்தச் சுவர்ண்ணே?”

“கல்லறைத் தோட்டத்துல எங்க சாதியை ஒதுக்கின சுவர்தான். அதை இடிச்சு ஒரே தோட்டமாக்க, வெளிநாட்டு மிஷன்கிட்ட எங்க சங்கம் பணம் கேட்டுச்சு. சுவர் கட்டின சர்ச் கமிட்டியே லெட்டர் தரணும்னுட்டாங்க.”

“கமிட்டி கொடுத்துச்சா?”

“ஹவ், ஆமா, கொடுத்துச்சே. ‘எங்கள் சபையில் சாதி இல்லை’ன்னு டைப் அடிச்சு, சீல் வெச்சு.”

“அடப்பாவிங்களா!”

“கூடவே எங்கப்பாவை அடக்கம் பண்ணப்போ கமிட்டி கொடுத்த சீட்டையும் அனுப்பினேன். அதே ஆள் கையெழுத்து, அதே சீல். ‘இடம்: சுவருக்கு அப்பால்’னு எழுதியிருந்துச்சு.”

“மிஷன் என்ன சொல்லுச்சு?”

மூத்தவர் கவரைத் தட்டினார்.

“சாதி இல்லாத சபைன்னு எங்களைப் பாராட்டியிருக்காங்க.”