மார்லிஸ் வீட்டு வாசல் பனி

எங்கள் தெருவில் யாரும் ஹாரன் அடிப்பதில்லை. நீங்களும் இந்த ஃபோர்ட் வேய்னில் பிறந்து வளர்ந்தவர், உங்களுக்குத் தெரியாததில்லை. நான்கு பக்கமும் நிறுத்தப் பலகை வைத்த சந்தியில் நான்கு கார் ஒரே நேரத்தில் வந்து நின்றால், நான்கு பேரும் ‘நீங்க போங்க, நீங்க போங்க’ என்று கையைக் காட்டிக்கொண்டே நிற்போம். வெளியூர்க்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். சத்தமில்லாமல் வாழத் தெரிந்தவர்கள் நாங்கள்.

நான் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுவதைவிட நானே எழுதிவிடுகிறேன் என்றதும் மஞ்சள் தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். அதற்கு நன்றி. என் பெயர் லோவெல் ஷூமன். வயது அறுபத்து நான்கு. லாரிச் சக்கர அச்சு செய்யும் ஆலையில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தேன், ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனதில்லை. மனைவி ஆர்டித். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மார்லிஸ் ரெடிங் பக்கத்து வீட்டுக்காரி. பள்ளிக்கூடத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், கணவன் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது. பதினொரு வருடத்துக்கு முன்பு அந்த வீட்டை வாங்கிக்கொண்டு வந்தாள்.

முதலில் பனியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் அதில்தான் வந்து நின்றது. தெருவோர நடைபாதையில் விழும் பனியை வீட்டுக்காரர் தள்ள வேண்டும், அது நகராட்சிச் சட்டம். கார் வரும் வழியைத் தள்ளிக்கொடுப்பது அண்டை வீட்டு மரியாதை. நடைபாதையிலிருந்து வாசற்படி வரைக்கும் ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்குப் போகிறதே, அந்தச் சின்ன நடை, அதைத் தள்ளிக்கொடுப்பதுதான் மனுஷத்தனம். உள்ளே ஒருத்தி இருக்கிறாள், வெளியே வருவாள், வழுக்கி விழக்கூடாது என்கிற நினைப்பு அது. பதினொரு குளிர்காலம் மார்லிஸுக்கு இந்த மூன்றையும் செய்தவன் நான். விடிந்ததும் பனி தள்ளும் இயந்திரத்தைக் கிளப்புவேன். அவள் எழுந்து திரையை விலக்கும்போது வழுக்காமலிருக்க உப்புக்கூடத் தூவியிருக்கும்.

பதிலுக்கு அவள் சுட்டுத் தருவாள். உருளைக்கிழங்கும் பன்றித் தொடைக்கறியும் பாலாடைக்கட்டியும் அடுக்கிச் சுட்டது, சில நாள் மாவு ஓட்டுக்குள் சர்க்கரையும் பாலேடும் ஊற்றிச் சுட்ட ‘பை’ பலகாரம். கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் டேப் ஒட்டி அதில் தன் பெயரை எழுதியிருப்பாள். இங்கே எல்லோரும் செய்கிற காரியம்தான், இல்லாவிட்டால் யார் பாத்திரம் யார் வீட்டில் என்று தெரியாமல் போய்விடும். வாங்கிய பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தருவதும் எங்கள் வழக்கம் இல்லை. ஆர்டித் ஏதாவது வைத்து அனுப்புவாள். பதினொரு வருடம் இப்படியே பாத்திரம் போவதும் வருவதுமாக இருந்தது. அதில் நான் எந்தத் தப்பும் பார்க்கவில்லை.

ஆர்டித் நல்லவள், ஆனால் கவனம் போதாது. எங்கள் வீட்டில் ஏதாவது தவறு நடந்தால் நிலவறையில்தான் பேசிக்கொள்வோம். அங்கே ஜன்னல் சின்னது, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு இருக்காது. பேசுவதற்கு முன்னால் நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைப்பேன். அதன் வார்ப்பூட்டு தோலைக் கிழிக்கும், ஒரு முறை கிழித்துவிட்டது, எனக்கே சங்கடமாகப் போயிற்று. போகப்போக நான் வாய் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. கடிகாரம் மேஜையைத் தொடும் சத்தம் கேட்டதும் அவளாகவே படியிறங்கிப் போய்விடுவாள். இத்தனை வருடத் தாம்பத்தியத்தில் வரும் புரிதல் அது.

இரண்டு வருடத்துக்கு முன்பு அவள் இடது மணிக்கட்டு உடைந்தது. அது சரியாகக் கூடவில்லை. அன்றுமுதல் எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுவது நான்தான். எத்தனை ஆண்பிள்ளைகள் கழுவுகிறார்கள், நீங்களே சொல்லுங்கள்.

எதிர்வீட்டு ட்வைட் அவள் கையில் போட்டிருந்த மாவுக்கட்டைப் பார்த்தான். “என்னப்பா லோவெல், ஏழு அங்குலம் பனி வருதாமே” என்று மட்டும்தான் கேட்டான். நல்ல மனுஷன். தேவாலயத்தில் பார்த்தவர்களும் குணமாகட்டும் என்று சொல்லி வாழைப்பழ ரொட்டி கொடுத்துவிட்டார்கள். மார்லிஸ் ஒருத்திதான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்.

“ஆர்டித் கை எப்படி ஒடஞ்சுது, லோவெல்?”

“படியில விழுந்துட்டா.”

“விழுந்தா இப்படி ஒடையாது. நான் முப்பது வருஷமா பசங்க கையப் பாத்தவ. யாரோ முறுக்கினாத்தான் இப்படி ஒடையும்.”

“காத்து திரும்பிடுச்சு, பாத்தீங்களா? நாளைக்குக் குளிரும்” என்றேன். அவள் காற்றைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த ஊரில் ஒருவரை அப்படிப் பார்ப்பது மரியாதை இல்லை. அதற்குப் பிறகும் அவள் வாசலை நான் தள்ளாமல் விட்டதில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

போன புதன்கிழமை சாப்பிட்டு முடித்து மார்லிஸின் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். அடியில் பழைய டேப்பின்மேல் புது டேப் ஒட்டியிருந்தது. வெந்நீர் பட்டு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. உரித்தேன். உள்ளே மறைந்திருந்த பழைய டேப்பின்மேல் அவளுடைய பொடி எழுத்து. ‘வெள்ளி, மூன்று மணி. மாத்திரை, கண்ணாடி, பிறப்புச் சான்றிதழ் போதும். மற்றதெல்லாம் வாங்கிக்கொள்ளலாம். உன் தங்கையிடம் பேசிவிட்டேன்.’

தங்கை அயோவாவில் இருக்கிறாள். காரில் ஏழு மணி நேரம். வெள்ளிக்கிழமை மூன்று மணியை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தவக்கால வெள்ளி தோறும் தேவாலயக் கூடத்தில் மீன் பொரிப்பது நான். ஒரு மணிக்குப் போனால் எட்டு மணிக்குத்தான் திரும்புவேன். முந்நூறு பேருக்கு நான் ஊழியம் செய்கிற நேரத்தைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. டேப்பை முன்பிருந்தபடியே ஒட்டி, பாத்திரத்தைத் துடைத்து மேடைமேல் கவிழ்த்து வைத்தேன். வியாழக்கிழமை ஆர்டித் அதில் ஆறு பிஸ்கட் அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்று நான் கடிகாரத்தைக் கழற்றவில்லை. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளாக நினைக்கிற காரியம் இல்லை அது, ஒருத்தி பக்கத்தில் இருந்து ஊதிவிட்டாள்.

வெள்ளி ஒரு மணிக்குக் கூடத்துக்குப் போனேன். ஏப்ரன் கட்டி, மாவு கரைத்து, எண்ணெய் வைத்தேன். இரண்டேகாலுக்கு, பெரிய கரண்டியை வீட்டில் வைத்துவிட்டேன், இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன். காரைப் பின் தெருவில் நிறுத்திவிட்டு மார்லிஸின் கார் கொட்டகை வழியாக உள்ளே போனேன். அவள் பக்கக் கதவைப் பூட்டுவதில்லை. எங்கள் தெருவில் யாருமே பூட்டுவதில்லை. கொட்டகைச் சுவரில் பனிக்கட்டி உடைக்கும் கடப்பாரை மாட்டியிருந்தது. அது நான் வாங்கிக் கொடுத்தது, மூன்றாவது குளிர்காலத்தில்.

அவள் சமையலறையில் தெர்மாஸில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். வழிக்கு சாண்ட்விச் கட்டி வைத்திருந்தாள், இரண்டு பேருக்கு.

“மீன் பொரிக்கப் போகலையா, லோவெல்?”

“கரண்டிய மறந்துட்டேன்.”

“உங்க கரண்டி எங்க வீட்டுல ஏது?” என்றாள். பிறகு என் கையில் இருந்ததைப் பார்த்தாள். பயந்தாள் என்று சொல்ல முடியாது. “வீட்டுக்குப் போங்க. அவ உங்களோட இருக்கப்போறதில்ல. பதினோரு வருஷமா இந்தத் தெரு பாத்துக்கிட்டு வாயப் பொத்திக்கிட்டு இருக்கு. நானும்தான் இருந்தேன். அத நெனச்சா எனக்கே வெக்கமா இருக்கு.”

“மெதுவாப் பேசுங்க, மார்லிஸ்.”

“ஏன் மெதுவாப் பேசணும்? ஆர்டித்! ஆர்டித்து!” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக் கத்தினாள். கத்தினது அவள். நான் இல்லை.

கடப்பாரையின் தட்டை முனையால் காதுக்கு மேலே அடித்தேன். மேஜையைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள், தெர்மாஸ் உருண்டது. எழப் பார்த்தாள். இரண்டாவது அடி கழுத்தில் பட்டது. தரையில் கிடந்து என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். அந்த வயதுக்கு நல்ல பிடி. ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது, அதில் இரண்டு உடைந்தன. மூன்றாவது அடி நெற்றியில். அது தேவையில்லாதது என்று இப்போது தோன்றுகிறது, ஆனால் அவள் இன்னும் ஏதோ சொல்ல முயன்றுகொண்டிருந்தாள். நான்கைந்து நிமிடம் ஆயிற்று. நான் பக்கத்திலேயே நின்றேன். ஒருவரைத் தனியாக விட்டுவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காது.

பிறகு காப்பியையும் மற்றதையும் துடைத்தேன். கடப்பாரையைக் கழுவி அதன் ஆணியிலேயே மாட்டினேன். தொட்டியில் கிடந்த கண்ணாடிப் பாத்திரத்தையும் கழுவி வைத்தேன். ஏப்ரனை மாற்றிக்கொண்டு மூன்று மணிக்கு எண்ணெய்க்கு முன்னால் நின்றேன். அன்று மீன் நன்றாக வந்ததாக எல்லோரும் சொன்னார்கள்.

எட்டு மணிக்கு ஆர்டித்துக்கு ஒரு பொட்டலம் கொண்டுபோனேன். அவள் முன்னறை ஜன்னல் பக்கத்து நாற்காலியில் வெளியே போகிற காலணியோடு உட்கார்ந்திருந்தாள்.

“யாராவது வர்றாங்களா?”

“இல்ல.”

“சாப்பிடு. ஆறிடும்.”

முழுவதும் சாப்பிட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே பனி தொடங்கியிருந்தது.

காலையில் ஒன்பது அங்குலம் கிடந்தது. மார்லிஸின் பக்கம் தள்ளாமல் விட்டால் தெருவே கேட்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் எப்போதும்போல இயந்திரத்தைக் கிளப்பினேன். எங்கள் பக்கம் முடித்து, அவள் நடைபாதையை முடித்து, கார் வழியை ஓரம் நறுக்கினாற்போல் எடுத்தேன். ட்வைட் எதிர்ப்பக்கத்தில் மண்வெட்டியோடு நின்றான்.

“நேத்து மீனு பிரமாதம்பா! மூணு தட்டு முழுங்கிட்டேன், பொண்டாட்டி இன்னும் திட்டிக்கிட்டிருக்கா.”

“அடுத்த வாரமும் வா.”

“வராம? மார்லிஸ் இன்னிக்கு உனக்கு பை சுடுவா பாரு.”

“சுடுவா” என்றேன். இயந்திரத்தைக் கொட்டகையில் நிறுத்தி, காலணியைத் தட்டி, உள்ளே வந்தேன். மனம் நிம்மதியாக இருந்தது, உண்மையைச் சொல்வதற்கு என்ன.

ஆர்டித் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள். திரும்பவில்லை.

“அவங்க வாசல் நடைய நீங்க தள்ளல” என்றாள்.

போய்ப் பார்த்தேன். நடைபாதை சுத்தம். கார் வழி சுத்தம். வாசற்படிக்குப் போகும் அந்தச் சின்ன நடையில் மட்டும் ஒன்பது அங்குலமும் அப்படியே, ஒரு காக்கைக் கால்கூடப் படாமல் கிடந்தது. நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் அந்த இடத்தில் தயங்கியிருப்பேன். அங்கே யாரும் வெளியே வரப்போவதில்லை என்று என் கைக்குத் தெரிந்திருக்கிறது, அதுவாகவே இயந்திரத்தைத் திருப்பிவிட்டது. வீணாக வேலை செய்கிற பழக்கம் எனக்கு இல்லை. ட்வைட் எதிரிலேயே நின்றான், அவன் கண்ணில் படவில்லை. ஆர்டித் பதினொரு வருடமும் அந்த ஜன்னலில் நின்று பார்த்தவள்.

அவள் கோட்டை மாட்டினாள்.

“எங்க போற?”

அவள் பொத்தானைப் போட்டாள். நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டது, தோள் ஒரு முறை குலுங்கியதைப் பார்த்தேன். நிலவறைக் கதவு ஒரு பக்கம், வாசல் கதவு ஒரு பக்கம். அவள் வாசல் கதவைத் திறந்தாள்.

கையைப் பிடித்திருக்கலாம். ட்வைட் வெளியே நின்றுகொண்டிருந்தான். ஆள் பார்க்க நான் அவளைத் தொட்டதே இல்லை.

முழங்கால் வரை பனியில் கால் புதையப் புதைய மார்லிஸின் வாசலுக்குப் போனாள். தட்டினாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கண்ணாடியில் கை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு தெருவைப் பார்த்துத் திரும்பி, வாயைத் திறந்து கத்தினாள். “என் புருஷன் மார்லிஸக் கொன்னுட்டான்! எல்லாரும் வெளிய வாங்க! பாத்தது போதும், வெளிய வாங்க!” அவ்வளவு பெரிய குரல் அவளுக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்தது. ட்வைட் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினான், அவளிடம், என்னிடம் இல்லை.

நீங்கள் வரும்வரை நான் எங்கள் வீட்டுச் சமையலறையில்தான் உட்கார்ந்திருந்தேன். மார்லிஸ் ரெடிங்கை அடித்துக் கொன்றது நான்தான். யாரும் தூண்டவில்லை, குடித்திருக்கவில்லை, புத்தி தெளிவாக இருந்தது. கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று. ஆர்டித் அயோவாவுக்குக் கிளம்புவதற்கு முன்னால் நீங்கள் அவளிடம் பேசுவீர்கள் என்று சொன்னீர்கள். அப்போது இதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கல்யாணமாகி இந்த முப்பத்தொரு வருடத்தில் ஒரு நாளாவது, ஒரு வார்த்தையாவது, நான் அவளிடம் குரலை உயர்த்திப் பேசியிருக்கிறேனா என்று கேளுங்கள். இல்லை என்றுதான் சொல்வாள்.