அழித்த சாய்கோடு

வானகரத்தில் எங்கள் அலுவலகத்துக்குக் கீழே நல்ல டீ கிடைக்கும், சார். ஸ்ரீகாந்த் தினமும் பதினோரு மணிக்கு இறங்கிப் போவான். கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுப் போகும் பழக்கம் அவனுக்கு இல்லை.

நாங்கள் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரு தனியார் மருத்துவமனைக்கு மென்பொருள் செய்கிறோம். நோயாளியின் விவரம் எக்ஸ்எம்எல் கோப்பாக வரும். பெட்டிக்குள் பெட்டி மாதிரி இருக்கும். அதில் வேண்டியதை எடுக்க எக்ஸ்பாத் என்று ஒரு பாதை எழுதுவோம். ‘நோயாளி//ஒவ்வாமை’ என்று இரண்டு சாய்கோடு போட்டால், ஒவ்வாமை எத்தனை பெட்டிக்குள் இருந்தாலும் தேடி எடுத்துவிடும். ஒரே கோடு என்றால் முதல் அடுக்கில் மட்டும் பார்க்கும். அங்கே இல்லையென்றால் பேசாமல் வெறுங்கையோடு திரும்பும். பிழைச் செய்திகூட வராது. மருத்துவமனையின் நசரத்பேட்டைக் கிளைக் கோப்புகளில் ஒவ்வாமை மூன்றாவது அடுக்கில் இருந்தது.

ஏப்ரலில் ஸ்ரீகாந்தை டீம் லீடர் ஆக்கினார்கள். அடுத்த வாரம் அவன் டீக்குப் போயிருந்தபோது, அவன் கம்ப்யூட்டரில் அந்தப் பாதையின் ஒரு சாய்கோட்டை அழித்தேன். மாற்றம் அவன் பெயரில் பதிவானது. அவனுக்கு ஒரு தலைகுனிவு வரட்டும் என்று மட்டுமே நினைத்தேன்.

இரண்டாம் நாள் நசரத்பேட்டைக் கிளையிலிருந்து நர்ஸ் ரோஷினி போன் செய்தாள்.

“சார், பென்சிலின் ஒத்துக்காதுன்னு பேஷண்டே சொல்றாரு. ஸ்கிரீன்ல அலர்ஜி எதுவும் இல்லன்னு காட்டுது. இன்னான்னு பாருங்க சார்.”

“பாக்குறேன்மா” என்றேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒரே ஒரு புகார் என்றால் அவன் சமாளித்துவிடுவான். கொஞ்சம் பொறுக்கலாம் என்று தோன்றியது.

ஆறாம் நாள் நூம்பலிலிருந்து ஜெகதாம்பாள் என்ற அம்மாவை அதே கிளைக்குக் கொண்டுவந்தார்கள். கடும் காய்ச்சல், நினைவில்லை. தனக்கு எது ஒத்துக்காது என்று அவரால் சொல்ல முடியவில்லை. டாக்டர் ஸ்கிரீனைப் பார்த்தார். பென்சிலின் ஊசி போட்டார்கள். இருபது நிமிடத்தில் உயிர் போய்விட்டது.

அன்று மாலையே ஸ்ரீகாந்தைப் போலீசார் அழைத்துப் போனார்கள். “நான் மாத்தல சார், சத்தியமா நான் மாத்தல” என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினான். சாய்கோட்டைத் திரும்பப் போடும் வேலையை அலுவலகத்தில் என்னிடம் கொடுத்தார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவன் பதவியும் எனக்கு வந்தது.

மறுநாள் பூமாலையோடு நூம்பலுக்குப் போனேன். அந்த அம்மாவின் மகன் தேவா என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“எங்கம்மா இன்னாண்ணா தப்பு பண்ணுச்சு? யாருண்ணா அவன்?”

“ஸ்ரீகாந்த்னு ஒருத்தன்” என்றேன்.

என் தோளில் சாய்ந்து வெகுநேரம் அழுதான். நானும் அழுதேன், சார். எங்கள் அலுவலகத்திலிருந்து அந்த வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போனவன் நான் ஒருவன்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.