பிள்ளை இல்லாத பல்லுக்கொழுக்கட்டை

பெயர்: தம்பிராசா மகாதேவி. வயது: 48. தொழில்: ஆசிரியை. விலாசம்: வாசிகசாலை ஒழுங்கை, சண்டிலிப்பாய். 1984ஆம் ஆண்டு பங்குனி மாதம், புதன்கிழமை, பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் செல்வரட்ணம் முன்னிலையில் உறுதியுரைத்துக் கூறுவதாவது:

நான் மேற்படி விலாசத்தில் தனியாக வசிக்கிறேன். பேராதனையில் தமிழ் படித்துப் பட்டம் பெற்றவள். எங்கள் ஊர் வாசிகசாலைக் கலைக்குழுவின் தலைவி. மண்டபத்தில் எது நடப்பதென்றாலும் என் அனுமதி வேண்டும். சென்ற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அங்கே நடந்த நாடகத்துக்கும் நானே அனுமதி கொடுத்தேன்.

செபநாயகம் என்பவரையும் அவருடைய மனைவி ஸ்ரெல்லாவையும் சென்ற ஐப்பசி முதல் எனக்குத் தெரியும். அவர்கள் ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்தவர்கள். கணவன் கொழும்பில் மேடை நாடகங்களில் நடித்தவர், இங்கே ஓர் அச்சகத்தில் அச்சுக் கோக்கிறார். மனைவி குருநகரைச் சேர்ந்தவர். இருவரும் ஒருவரோடும் அதிகம் கதைப்பதில்லை. அவர்கள் வீட்டுக் கொடியில் குழந்தைச் சட்டைகள் காய்வதை அயலார் வேலிக்கு மேலால் பார்த்திருக்கிறார்கள். பிள்ளையை ஒருவரும் பார்க்கவில்லை. கண்ணூறு படும் என்று உள்ளே வைத்திருக்கிறார்கள் என அயலில் வசிக்கும் பூரணம் என்னிடம் சொன்னார். நான் அதை நம்பவுமில்லை, விசாரிக்கவுமில்லை.

அதன் பின்பு தை மாதத்தில் செபநாயகம் தம்முடைய நாடகத்தை வாசிக்கத் தந்தார். ஓர் இளம் தாயும் தகப்பனும் தங்கள் பிள்ளைக்கு முதற்பல் முளைத்ததற்கு, வழக்கப்படி சீலை போர்த்த தலையில் கொழுக்கட்டை கொட்டுகிறார்கள். பாய், வெள்ளைச் சீலை, தட்டத்தில் புத்தகம், பேனை, நகை, நெல் எல்லாம் இருக்கின்றன. பிள்ளை இல்லை. அது இல்லாததை இருவரும் கவனிப்பதில்லை. பிள்ளை தட்டத்தில் எதை எடுத்தது என்று சண்டை பிடிக்கிறார்கள், பள்ளிக்கூடத்துக்கு இடம் கேட்கிறார்கள், சம்பந்தம் பேசுகிறார்கள். இடையிடையே யாராவது பிள்ளையைக் கேட்டால் தாய், "நித்திரை. எழுப்பாதேங்கோ" என்கிறாள். இத்தகைய நாடகங்களைப் பல்கலைக்கழகத்தில் பார்த்திருக்கிறேன். எனக்கு அவற்றில் பெரிய மதிப்பில்லை. இது யாருடைய கதை என்று கேட்டேன். "ஒருத்தற்றையும் இல்லை ரீச்சர்" என்றார். அந்தப் பதிலை நான் நம்பவில்லை.

ஒத்திகையின்போது, அந்த வசனம் அளவுக்கு மிஞ்சி வருகிறது, சில இடங்களில் வெட்டலாம் என்றேன். செபநாயகம், "அதை மட்டும் வெட்டேலாது ரீச்சர். பிள்ளை உயிரோடை இருக்கிற இடம் அதுதான்" என்றார். நடிகர்கள் இப்படித்தான் கதைப்பார்கள் என்று விட்டுவிட்டேன். ஒவ்வொரு ஒத்திகையிலும் ஸ்ரெல்லா அந்த வசனத்தைக் கணவனின் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

அதன் பின்பு செபநாயகம் அழைப்பிதழைத் தாமே அச்சுக் கோத்து, மூலைகளுக்கு மஞ்சள் தடவி வீடு வீடாகக் கொடுத்தார். அதில் பல்லுக்கொழுக்கட்டை என்றே இருந்தது, நாடகம் என்ற சொல் இருக்கவில்லை. நான் கேட்டதற்கு, போட்டால் சனம் நாடகம் பார்க்க வந்துவிடும் என்றார். ஞாயிற்றுக்கிழமை சனம் கொண்டாட்டத்துக்கு வந்தது. பெண்கள் சரிகைச் சேலையோடும், சிலர் வெள்ளிக் கிண்ணம், சட்டைத்துணி முதலியவற்றோடும் வந்தார்கள். பூரணம் ஒரு சோடி வெள்ளிக் கொலுசு கொண்டுவந்தார்.

நாடகம் தொடங்கிச் சிறிது நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர், "தம்பி, பிள்ளையைக் கொண்டுவாவன், கொழுக்கட்டை ஆறுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்ரெல்லா தன் வசனத்தைச் சொன்னார். அதன் பின்பு வெறும் பாயின் மேல் கொழுக்கட்டையைக் கொட்டினார்கள். அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. பூரணம் கொலுசோடு மேடையில் ஏறிச் சீலையை விலக்கிப் பார்த்தார்.

"நித்திரை. எழுப்பாதேங்கோ" என்றார் ஸ்ரெல்லா.

"வெறும் சீலையை என்னெண்டடி எழுப்பிறது? பிள்ளை எங்கை? என்ன செய்தனீங்கள் பிள்ளையை?"

இருவரும் நாடகத்தைத் தொடர்ந்தார்கள். பூரணம் கொலுசை மடியில் செருகிக்கொண்டு இறங்கிப் போனார், மற்றவர்களும் கொண்டுவந்தவற்றை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவரும் கொழுக்கட்டையை வாயில் வைக்கவில்லை. நான் ஒன்று சாப்பிட்டேன். உள்ளே பயறும் சர்க்கரையும் அளவாக இருந்தன.

பூரணம் முறைப்பாடு செய்ததன் பேரில் மறுநாள் இருவரும் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். பெண் பொலிசார் இல்லாதபடியால், ஸ்ரெல்லாவை விசாரிக்கும்போது கூட இருக்கும்படி சார்ஜன்ட் என்னை அழைப்பித்தார். செபநாயகம், பிள்ளை கப்பலால் இறங்கிய பின் துறைமுகக் கொட்டிலில் வரிசையில் நிற்கும்போது இறந்தது, அன்றே காங்கேசன்துறைச் சேமக்காலையில் அடக்கம் செய்தோம் என்று சொல்லியிருந்தார். அங்கே கிடங்கு வெட்டிய யாகப்பு, அது இறந்து ஒரு நாளாவது கடந்த பிள்ளை என்று சொல்லியிருந்தார். சார்ஜன்ட் என்னிடம் கூறியது:

"ரீச்சர், புருசன் ஒண்டு சொல்லுறான், கிடங்கு வெட்டினவர் வேறையொண்டு சொல்லுறார். பெட்டை வாய் திறக்குதில்லை. புதன்கிழமைப் பின்னேரத்துக்கிடையிலை இது தெளியாட்டிப் பொடியனை ஆமிக் காம்புக்கு அனுப்பச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அங்கை போனவங்கள் வாற விதம் உங்களுக்குத் தெரியும்தானே."

இதை எழுத வேண்டாம் என்று சார்ஜன்ட் சொல்கிறார். எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அந்த நேரத்தில் நானும் அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்றே எண்ணினேன். அதன் பின்பு சார்ஜன்ட் வெளியே போன சமயம் ஸ்ரெல்லா என்னைக் கேட்டார்:

"உள்ளதைச் சொன்னால் அவரை விடுவினமோ ரீச்சர்?"

"விடக்கூடும்."

"அவருக்கும் தெரிய வருமோ?"

 அதன் பின்பு அவர் சொன்னதன் சாரம் பின்வருமாறு: கொழும்பு அகதி முகாமில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. முதற்பல் முளைத்ததும் அங்கேதான். கப்பலில் பெண்களையும் பிள்ளைகளையும் கீழ்த்தட்டிலும் ஆண்களை மேலேயும் விட்டார்கள். கப்பல் புறப்பட்ட அன்றே பிள்ளை மடியில் இறந்துவிட்டது. கணவன் மேலேயிருந்து குனிந்து, பிள்ளை என்ன செய்கிறது என்று கேட்டபோதெல்லாம், நித்திரை, எழுப்பாதேங்கோ என்று சொன்னார். மறுநாள் பின்னேரம் கரையில் இறங்கிய பிறகுதான், இப்போதுதான் மூச்சு நின்றது என்று கணவனிடம் சொன்னார். சீலையை விலக்க விடவில்லை. அவர் இன்றுவரை அப்படியே நம்புகிறார்.

ஏன் மறைத்தீர் என்று கேட்டேன்.

"செத்த பிள்ளையைக் கப்பலிலை வைச்சிருக்க விடுவினமோ? கடலிலை விடச் சொல்லுவினம். எங்கடை அப்பு மீன்பிடிக்கப் போய்த் திரும்பி வரேல்லை, அவரைக் கடல்தான் வைச்சிருக்கு. அதுக்கு இன்னொண்டு குடுக்க என்னாலை ஏலாது ரீச்சர். இவருக்குச் சொன்னால் அழுதிடுவார், எல்லாருக்கும் தெரிஞ்சுபோம்."

நான் கேட்டதை உடனே நம்புகிறவள் அல்ல. கப்பலில் பக்கத்தில் இருந்தது யார் என்று கேட்டேன். குருநகர் லூர்த்தம்மா என்றார். அதன் பின்பு நேற்று நான் பஸ்ஸில் குருநகருக்குப் போய் அந்த அம்மாவைக் கண்டேன். ஸ்ரெல்லா சொன்ன எதையும் சொல்லாமல், கப்பலில் அந்தப் பிள்ளை எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார்:

"தண்ணி பருக்குவம் எண்டு வாயைத் தொட்டனான். தொட்ட கையை எடுத்திட்டு, பிள்ளை நித்திரை எண்டு நானும்தான் எல்லாருக்கும் சொன்னனான். வேறை என்ன சொல்லுறது?"

பொலிசுக்கு வந்து சொல்வீர்களா என்று கேட்டேன். "பிள்ளையின்ரை தேப்பன் நிக்காத இடத்திலை சொல்லுவன்" என்றார்.

ஆகவே செபநாயகம் சொன்னது அவர் அறிந்தபடி உண்மை. யாகப்பு சொன்னதும் உண்மை. பிள்ளைக்கு எவரும் தீங்கு செய்யவில்லை என்று நான் இப்போது நம்புகிறேன். கப்பலில் கேட்ட அந்தப் பதிலைத்தான், தன் பிள்ளை உயிரோடு இருந்ததற்குச் சாட்சியாக, செபநாயகம் நாடகத்தில் வைத்திருக்கிறார். அவரைப் பின்னேரத்துக்கு முன் விடுவிக்குமாறும், இவ்வாக்குமூலத்தில் கப்பலைப் பற்றிய பகுதியை அவருக்குக் காட்டாதிருக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். இரண்டாவதற்குத் தம்மால் உறுதி தர முடியாது என்று சார்ஜன்ட் இன்று காலையே சொன்னார். அதை ஸ்ரெல்லாவிடம் சொன்னேன். அப்படியானாலும் எழுதச் சொன்னார்.

இதற்குக் கீழே உள்ளதை என் கைப்பட எழுதுகிறேன். வாக்குமூலத்தை எனக்கு உரக்க வாசித்துக் காட்டவேண்டும் என்பது இங்குள்ள முறை. இந்த அறையின் கதவு பாதிக் கதவு. அதற்கு அப்பால் மரவாங்கில் செபநாயகத்தை இப்போதுதான் கொண்டுவந்து இருத்தியிருக்கிறார்கள். எனக்கு வாசிக்கத் தெரியும் என்று கூறித் தாள்களைக் கையில் வாங்கி, வாய் அசையாமல் வாசித்தேன். அந்த நேரமெல்லாம் சார்ஜன்ட் செல்வரட்ணம் வாசலை மறைத்து நின்று, சாப்பிட்டாயா, என்ன கறி என்று அவரிடம் சத்தமாகக் கேட்டுக்கொண்டு நின்றார். எழுதியிருப்பது நான் சொன்னதே. திருத்த ஒன்றுமில்லை.

(ஒப்பம்) த. மகாதேவி