தாடைப் பங்கு குறித்து

சுவாமி, ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஆறு மணிக்குத் துணிப்பையோடு வீட்டைவிட்டுக் கிளம்புவது என் வழக்கம். முப்பத்துமூன்று ஆண்டுகள் பள்ளிக்கூட மணிக்குக் கட்டுப்பட்டிருந்தவன். ஓய்வு பெற்ற பிறகும் நேரம் தவறுவதில்லை. என் மனைவி ராஜாம்பாளைக் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் திருநாவலூர் கோயிலுக்கு ஏற்றிவிடுவேன். அவள் திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். பிறகு கீரை வாங்கப் போகிறேன் என்று கச்சிராயபாளையம் சாலைப் பக்கம் நடப்பேன். கீரையும் வாங்குவேன். அதில் பொய் கிடையாது.

என் கையெழுத்தில் எழுதிய பிராது ஒன்று தங்கள் சந்நிதி வேலில் கட்டப்பட்டிருக்கிறது. குறை தீர்ந்தவர்கள் ராஜினாமா எழுதிப் பிராதைத் திரும்பப் பெறுவது விருத்தாசலம் கொளஞ்சியப்பராகிய தங்கள் சந்நிதியின் வழக்கம். நானும் எழுதியாக வேண்டும். காரணம் காட்டாமல் விலகுவது ஓர் ஆசிரியனுக்கு அழகல்ல என்பதால், நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நடுவில் கறிச் சமாசாரம் வரும், பொறுத்தருள வேண்டும்.

அந்தச் சாலையோரத் தகரக் கொட்டகையில், பூமாலை என்பவன் ஞாயிறுதோறும் ஒரு பன்றி அறுப்பான். கல்வராயன் மலையிலிருந்து வேனில் இறங்கும் கருப்புப் பன்றி. கறி, கொழுப்பு, ஈரல், தோல் எல்லாவற்றையும் கலந்து கூறு போடுவான். யார் வந்து கேட்டாலும் கூறுதான். இந்த இடம் வேண்டும், அந்த இடம் வேண்டும் என்று கேட்க முடியாது. தாடை மட்டும் கூறில் சேராது. வெந்நீர் ஊற்றி மயிர் சுரண்டிக் கொடுப்பவருக்கு இரண்டு பக்கத் தாடையும் கூலிக்கு மேலான பங்கு.

சுரண்டுபவள் சாலம்மாள். அவள் கணவன் வேடியப்பன் வாரம் முழுவதும் கரும்பு வெட்டும் கூட்டத்தோடு ஊர் ஊராகப் போய், ஞாயிறு பகலுக்கு மட்டும் வீடு வருவான். அந்தத் தாடைதான் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து உண்ணும் ஒரே கறிச்சோறு. இது எனக்கு முதல் நாளே தெரியும். தெரியாமல் செய்ததாக நான் எங்கும் வாதாடப் போவதில்லை.

தாடையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல அனுமதிக்க வேண்டும். பன்றி ஓயாமல் மெல்லும் பிராணி. ஆகவே அந்த இடத்துக் கறி உழைத்த கறி. சிவப்புக்கும் வெள்ளைக்கும் இடையே கொழுப்பு வரிவரியாக ஓடும். வெள்ளிமலையில் ஆசிரியனாக இருந்தபோது ஒரே ஒருமுறை தின்றிருக்கிறேன். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கொட்டகையைத் தாண்டி நடக்கையில் அந்த ருசி நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது. எழுந்து போகச் சொன்னேன், போகவில்லை.

"தாடை குடு பூமாலை" என்றேன்.

"அது சாலம்மா பங்கு வாத்யாரே. நீங்க கூறு எடுத்துக்கினு போங்க."

பன்றிக்கறி மூலநோய்க்கு மருந்து என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மருந்துக்கென்று கேட்டால் யாருடைய பங்கானாலும் விட்டுக்கொடுப்பது அந்தக் கொட்டகையின் தர்மம். அதையும் நான் அறிவேன்.

"மருந்துக்கு வேணும்" என்றேன்.

கத்தி நின்றது. சாலம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "யாருக்குங்க சார்? உங்களுக்கா?"

என்னிடம் படித்தவர்கள் நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். அந்த நோய் உடம்பில் எந்த இடத்தில் வரும் என்பது நான்கு பேருக்கும் தெரியும். ஆகவே, "எதிர்வீட்டுப் பொன்னுரங்கத்துக்கு" என்றேன்.

பொன்னுரங்கம் என் நாற்பதாண்டுச் சிநேகிதன். ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர். முட்டை கலந்திருக்குமோ என்று கேக்கைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுக்கிவைக்கும் சைவன். கறிக்கடை இருக்கும் சாலையில் காலே வைக்கமாட்டான். அதனால்தான் அவனைத் தேர்ந்தெடுத்தேன். யோசித்துப் பார்த்தால், இதைவிடப் பத்திரமான நோயாளி கள்ளக்குறிச்சியில் வேறு யாரும் இல்லை.

சாலம்மாள் உடனே எழுந்தாள். தாடை இரண்டையும் கழுவி இலையில் சுற்றி, இரு கையாலும் கொடுத்தாள்.

ராஜாம்பாள் ஆடும் கோழியும் சமைப்பாள். பன்றி மட்டும் அவள் வாசற்படி தாண்டக் கூடாது. நான் வாசற்படி தாண்டவில்லை. பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போய், மூன்று செங்கல் கூட்டி, கொல்லைக் குளியலறைப் பரணில் கிடந்த பழைய மண்சட்டியை ஏற்றினேன். மஞ்சள் தடவி, தோலைத் தணலில் காட்டி, மிச்ச மயிரைக் கருக்கிச் சுரண்டினேன். பிறகு குறுக்குவாட்டில் மெல்லிசாக நறுக்கினேன். நீளவாட்டில் நறுக்கினால் நார் பல்லோடு சண்டை போடும். எண்ணெய் ஒரு சொட்டும் ஊற்றவில்லை. கொழுப்பு தானே உருகி வர, அதில் சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, காய்ந்த மிளகாய், கடைசியில் இடித்த மிளகு. இரண்டு மணி நேரம் சிறு தணல். தோல் பிசின்போல் விரலில் ஒட்டும்போது இறக்கினேன். தின்று முடித்து, சட்டியைக் கழுவி, கொல்லை முழுவதும் சாம்பிராணி போட்டேன். மாலையில் ராஜாம்பாள், எனக்குப் பக்தி வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டாள்.

வகுப்பில் நான் ஒரு கதை சொல்வதுண்டு. நோயாளி ஆமைக்கென்று கரடியிடம் தேனடை கேட்டு வாங்கி, தானே தின்ற நரியின் கதை. முடிவில் யார் குற்றவாளி என்று கேட்டால் பிள்ளைகள் எல்லோரும் நரியைச் சொல்வார்கள். அவர்கள் அவசரப்பட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது. நரி கேட்டது ஓர் அடை. கரடி மனமுவந்து கொடுத்தது. ஆமைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கதையை இந்தக் கோணத்தில் சொல்லித்தராமல் விட்டது என் பணிக்காலத்துக் குறைகளில் ஒன்று.

மூன்றாம் ஞாயிறு, "இப்ப தேவலைங்களா சார்?" என்று சாலம்மாள் கேட்டாள். தேவலை என்றால் மருந்து நின்றுவிடும். சற்று ஜாஸ்தி என்றேன். ஐந்தாம் ஞாயிறு, ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள் என்றேன். ஒரு பொய்யைத் தனியே நிறுத்திவைப்பது நியாயமில்லை. அதற்கும் துணை வேண்டும்.

"எங்க ஊட்டுக்காரரு கேட்டாரு சார், இன்னாடி தாடையக் காணம்னு. சொன்னேன். நோவாளி தின்னட்டும், நமக்குக் கருவாடு போதும்னுட்டாரு" என்றாள். நல்ல மனிதர் என்று பாராட்டினேன். இலைப்பொட்டலத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

எட்டாம் ஞாயிறு அவள் ஒரு முழுத்தாளை நீட்டினாள். "அடுத்த வாரம் நானும் அவரும் கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டப் போறோம் சார். உங்க கூட்டாளி பேருக்குத்தான். எங்களுக்கு எழுத வராது. நீங்களே எழுதிக் குடுங்க."

கொட்டகைப் பலகைமேல் தாளை வைத்து எழுதினேன். இடப்பக்கம் மடித்து ஓரம் விட்டு, நோயாளி பெயர், ஊர், தெரு, நோயின் தன்மை, சுவாமி கருணை கூர்ந்து குணமாக்க வேண்டிய விவரம். அடித்தல் திருத்தல் இல்லை. அந்தத் தாளைத்தான் தாங்கள் வைத்திருக்கிறீர்கள். வேடியப்பன் வாரத்தில் கிடைத்த ஒரே ஓய்வு நாளில் விருத்தாசலம்வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து கட்டியது அது. அவர்கள் பஸ் ஏறுமுன், அந்த ஒன்பதாம் ஞாயிறும் நான் தாடை வாங்கினேன்.

மறுநாள் காலை, பொன்னுரங்கம் தன் வீட்டு வாசலில் இரண்டு பென்ஷன்காரர்களோடு பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தான். நான் எதிரே செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சாலம்மாள் விபூதிப் பொட்டலத்தோடு அவனிடம் வந்தாள்.

"சார், மூலம் தேவலைங்களா? தாடை தின்னது ஒத்துக்கிச்சா?"

பென்ஷன்காரர்கள் பத்திரிகையை உயர்த்திக்கொண்டார்கள். பொன்னுரங்கம் அவளைப் பார்த்தான், பொட்டலத்தைப் பார்த்தான், பிறகு தெருவின் இந்தப் பக்கம் பார்த்தான். நான் ஒரே செடிக்கு நெடுநேரம் ஊற்றினேன்.

"தேவலைம்மா. எல்லாம் உன் புண்ணியம்" என்று சொல்லி, விபூதியை வாங்கி நெற்றியில் பூசிக்கொண்டான்.

அவள் முகம் மலர்ந்து என்னிடம் வந்தாள். "கொணமாய்டுச்சாம் சார். அப்ப இந்த வாரம் தாடைய எங்க ஊட்டுக்கு எடுத்துக்கினு போவட்டுங்களா?"

"மருந்த ஒடனே நிறுத்தக்கூடாது. இன்னும் ரெண்டு வாரம் போகட்டும்" என்றேன்.

"ஆமாங்க சார், அதுவும் சரிதான்" என்று போய்விட்டாள். சுவாமி, மற்றவற்றுக்கெல்லாம் என்னிடம் காரணம் இருக்கிறது. இந்த ஒரு வாக்கியத்துக்கு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் பொன்னுரங்கம் வந்தான்.

"சின்னக்கண்ணு, எனக்கு இன்னா நோவு?"

"மூலம்."

"எத்தினி நாளா?"

"ஒன்பது வாரமா."

"ஜாஸ்தியா, கம்மியா?"

"நடுவுல ஜாஸ்தியாச்சி. இப்ப கம்மி" என்று தொடங்கி, தாடையிலிருந்து பிராதுவரை எல்லாவற்றையும் சொன்னேன்.

"தபால்தலைய நாக்கால நனைக்க மாட்டேன்டா நானு, கோந்துல எலும்பு கலந்திருக்கும்னு. எனக்குப் போய்ப் பன்னிக்கறி ஊட்டிட்டியே" என்றான். குரல் உயரவில்லை. "என் பேரு போனாப் போவுது. அந்தப் பொண்ணு புருஷனுக்குப் போட வேண்டிய சோத்த எனக்குன்னு எடுத்துக் குடுத்திருக்கா. பிராது எழுதினவன் நீ. ராஜினாமாவும் நீதான் எழுதணும். அதுக்கு முன்ன அவகிட்டச் சொல்லு. நாலு பேரு நிக்கிற எடத்துல சொல்லு."

பத்தாம் ஞாயிறு கொட்டகையில் சொன்னேன். கூட்டம் இருந்தது. வேடியப்பனும் நேரே டெம்போவிலிருந்து இறங்கி, கரும்புச் சோகை ஒட்டிய சட்டையோடு வந்து நின்றிருந்தான். பொன்னுரங்கத்துக்கு மூலம் இல்லை, அவன் கறியே தின்பதில்லை, ஒன்பது வாரமும் உங்கள் பங்கைத் தின்றவன் நான்தான் என்றேன். என் பழைய மாணவர்கள் தரையைப் பார்த்தார்கள். பூமாலை அடக்கமாட்டாமல் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தான். சாலம்மாள் மட்டும் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

வேடியப்பன் கேட்டான்: "எப்பிடி ஆக்குனீங்க?"

சொன்னேன்.

"எண்ணெ ஊத்துனீங்களா?"

"இல்ல."

"அது ஒண்ணாவது செரியா செஞ்சிருக்காரு" என்றான் மனைவியிடம்.

அவள் சிரிக்கவில்லை. சுரண்டும் கத்தியைத் தண்ணீரில் அலசி, பிடிப்பக்கம் என்னிடம் நீட்டினாள். "ஒம்போது வாரம் தின்னீங்க. ஒம்போது வாரம் குந்திக்கினு சொரண்டுங்க சார். கூலியும் தாடையும் ஊட்டுக்கு வந்துடணும். நான் எங்க ஊட்டுக்காரரோட இருக்கேன்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

மூன்று ஞாயிறு முடிந்துவிட்டது. வெந்நீர் சூடு கூடினால் தோல் வெந்து மயிர் உள்ளேயே நின்றுவிடும். குறைந்தால் கத்திக்கு அசையாது. இப்போது கை ஓரளவு பழகியிருக்கிறது. ராஜாம்பாளிடமும் சொல்லிவிட்டேன், நான்கு நாள் பேசவில்லை, சட்டியை அவளே உடைத்தாள். வாராவாரம் கூலியையும் இலையில் சுற்றிய இரண்டு தாடையையும் சாலம்மாள் வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு, உள்ளேயிருந்து வரும் மிளகு வாசனைக்கு நிற்காமல் திரும்பிவிடுகிறேன். ஆகவே அந்தப் பிராதைத் தள்ளுபடி செய்து, இதை ராஜினாமாவாக ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

தாடை சுரண்டுகிறவருக்கே உரியது என்ற வழக்கத்தை நான் அங்கே இதுவரை ஒருவருக்கும் நினைவூட்டவில்லை. அந்த அளவுக்கு மனம் திருந்தியிருக்கிறேன். இன்னும் ஆறு ஞாயிறு இருக்கிறது.