சாமை வேகும் வரை

மேடையில் இருக்கும் பெரியோர்களே, நம் மலையின் ஆலத்தூர் நாட்டு ஊர்களிலிருந்தும் திருப்புலி நாட்டு ஊர்களிலிருந்தும் மழையில் நனைந்து வந்திருக்கும் சொந்தங்களே! நம் மலையின் வரலாற்று நாவலாசிரியர், என் நண்பர் பூபதி அவர்களை போன வாரம் மண்ணில் வைத்துவிட்டு, இன்று அஞ்சலி சொல்ல வந்து நிற்கிறேன். என்ன பேசுவேன்? மனசு ஆறவில்லையே!

அவருடைய கடைசி நாவல், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு பஞ்சக் கதை. அதில் ஒரு தாய், பசியில் துவளும் மகளுக்கு மரவள்ளிக் கிழங்கை அவித்து ஊட்டுகிறாள். நம் இலக்கிய வட்டத்தில் அதை வாசித்தபோது அழாதவர் யார்? நான் தேம்பித் தேம்பி அழுதேன். ஒருவருக்காவது உறைத்ததா? பிறந்தது முதல் மரவள்ளிக் காட்டையே பார்த்தவர்கள் நாம். மலையோடு சேர்ந்தே அதுவும் முளைத்ததாக நினைப்பு!

மறுநாள் பூபதி என் வீட்டுக்கு வந்தார். "ஏனுங்க கலைச்செல்வி, மரவள்ளி கப்பலேறி இங்க வந்து சில நூறு வருசந்தானுங்க ஆகுது. பொய்க் கிழங்கை ஊட்டிப்போட்டேனுங்க."

"கதைதானுங்களே, உடுங்க" என்றேன்.

"அந்தப் புள்ளையோட பசி பொய்யில்லீங்களே!" என்று கோபித்துக்கொண்டார்.

கிழங்கை எடுத்துவிட்டுச் சாமையை வைத்தார். கதையே மாறிப்போனது! கிழங்கைப் பிடுங்கி அவித்துவிடலாம். சாமையைக் குத்த வேண்டும், புடைக்க வேண்டும், அப்புறம்தான் உலை. அதுவரை குழந்தை தாங்குமா? அவருடைய மனைவி மணிமேகலை, இதோ முன்வரிசையில் இருக்கிறார், "அந்தப் புள்ளையைச் சாக உட்டுறாதீங்க" என்று தினமும் கெஞ்சினார்.

"நானென்ன பண்ணட்டும்? சாமை வேகோணுமில்ல" என்பாராம் பூபதி.

கதைமாந்தர் பேச்சிலும் அதே பிடிவாதம். அந்தத் தாய் அரசவைத் தமிழில் புலம்பட்டும் என்றார் பதிப்பாளர் காளியண்ணன். "பசிச்சவ அலங்காரமாப் பேச மாட்டாளுங்க" என்று பூபதி மறுத்துவிட்டார். சாவி, ஜன்னல் என்று பிற்காலத்தில் வந்த சொற்களையும் ஒவ்வொன்றாகக் களைந்தார்.

போன வாரம் போனில், "முடிவு புடிபட்டுருச்சுங்க, நாளைக்கு எழுதிப்போடறேன்" என்றார். விடிவதற்குள் நெஞ்சுவலி கொண்டுபோய்விட்டது. ஐயோ, ஒரு பகல் பொறுக்கக் கூடாதா!

வேறொருவரை வைத்து முடிக்கலாம், குழந்தை பிழைத்தால் வாசகருக்குப் பிடிக்கும் என்கிறார் காளியண்ணன். ஐயா, மேடையில்தான் இருக்கிறீர்கள், கேளுங்கள். நேற்று மணிமேகலையிடம் கேட்டேன்.

"எனக்கும் அந்தப் புள்ளை பொழைக்கோணும்னுதான் இருக்குதுங்க. ஆனா அவரு ஊட்டாத சோத்தை வேற யாரும் ஊட்ட வேண்டாங்க" என்றார்.

இந்தச் சபையின் முன் உறுதி கூறுகிறேன். அவர் நிறுத்திய இடத்திலேயே நிறுத்தி நூலைக் கொண்டுவருவோம். ஒரு சொல் சேர்க்க மாட்டோம். தாய் சாமையைக் குத்திக்கொண்டிருப்பாள், மகள் காத்திருப்பாள். அவள் பிழைத்தாளா என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும், பூபதி. சொல்லாமல் போய்விட்டீர்களே!