சுவரடியில் எட்டுக் குழாய்கள்

என் பெயரும் முகவரியும் இந்தத் தாளின் தலைப்பில் எழுதியிருப்பவைதான். வயது நாற்பத்தாறு. வேலி போடுவது, பாத்தி கட்டுவது, புல் பதித்துச் செடி வைத்துக் கொடுப்பது என் தொழில். இருபத்திரண்டு வருடங்களாக வேறு வேலை பார்த்ததில்லை. மேற்படி முகவரியில் மனைவியுடனும் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்களுடனும் குடியிருக்கிறேன். வேலை செய்யும் இடங்களில் என்னைப் 'பார்த்துக்கலாம்' என்று கூப்பிடுவார்கள். யார் என்ன கேட்டாலும் நான் அந்தப் பதிலையே சொல்வதால் வந்த பெயர். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளும்படி நானாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

சுவர் இடிந்தது சம்பந்தமாகச் சென்ற மாதம் இருபதாம் தேதி இதே நிலையத்தில், இதே பெஞ்சில் உட்கார்ந்து நான் ஏற்கெனவே ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில், சுவரின் அடியில் இருந்த, மழைத் தண்ணீர் வடியும் குழாய்கள் எல்லாம் திறந்தே இருந்தன என்றும், சுவர் விழுந்ததற்கும் என் வேலைக்கும் சம்பந்தமில்லை என்றும் சொல்லியிருக்கிறேன். அது பொய். இன்று என்னை யாரும் கூப்பிடவில்லை, யாரும் பிடித்து வரவுமில்லை. காலை ஏழே கால் மணிக்கு நானே வந்து, அதிகாரி வரும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

சென்ற மாதம் இரண்டாம் தேதி, புதிதாக வீடு வாங்கிக் குடிவந்த ஓர் அம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவருடைய மனைக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஆறடிச் செங்கல் சுவர் ஒன்று இருந்தது. அந்தச் சுவர் பக்கத்து வீட்டுக் கொத்தனாருக்குச் சொந்தம். அவர் ஒன்பது வருடத்துக்கு முன்னால், வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில், அவர் மனைவி கல் எடுத்துக் கொடுக்கத் தன் கையாலேயே கட்டியது. கொத்தனார் வீடு பள்ளம், அந்த அம்மாவின் மனை இரண்டடி மேடு. ஆகவே மேட்டில் பெய்கிற மழைத் தண்ணீர் சுவரில் முட்டி நிற்காமல் பள்ளத்துப் பக்கம் வடிந்து போவதற்காக, சுவரடியில் வரிசையாக எட்டுக் குழாய்த் துண்டுகளைப் பதித்திருந்தார். கட்டடம் தெரிந்தவன் செய்கிற காரியம் அது. முதல் நாள் பார்த்ததுமே எனக்கு அது புரிந்தது.

அந்த அம்மாவின் பக்கம் சுவர் பூசப்படவில்லை. அந்த வெறும் செங்கல் கண்ணை உறுத்துகிறது என்றும், அதை மறைத்து மரச்சட்ட வேலி அடித்து, கொடி ஏற்றி, கீழே இடுப்புயரத்துக்கு மண் பாத்தி கட்டிப் பூச்செடி வைக்க வேண்டும் என்றும், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள், அதற்குள் முடிய வேண்டும் என்றும் சொன்னார். இப்படிப்பட்ட இடத்தில் சுவரை ஒட்டி மண் போடக் கூடாது. ஓர் அடி இடம் விட்டு, தனியாக ஒரு செங்கல் வரிசை கட்டி, இடைவெளியில் ஜல்லி கொட்ட வேண்டும். என்னிடம் வேலை கற்றவர்களுக்கெல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததே இதுதான். ஆனால் ஓர் அடி விட்டால் பாத்தி குறுகிப் போகும், வேலையும் இரண்டு நாள் கூடும். அதனால் நேராகச் சுவர்மேலேயே மண்ணைச் சாய்த்தேன். அந்த அம்மா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "ஏங்க, சுவருக்கு ஒன்னும் ஆகாதே?" என்று கேட்டார். நான், "நீங்க பூவைப் பாருங்கம்மா, சுவரை நான் பார்த்துக்கறேன்" என்றேன். அவர் கேட்டார், நான் வாயை அடைத்தேன். அவர்மேல் குற்றம் இல்லை.

அதன் பிறகு ஆறாம் தேதி, செடிக்குத் தண்ணீர் விட்டதும் பாத்தி மண் கரைந்து எட்டுக் குழாய் வழியாகவும் சேறாகக் கொத்தனார் வீட்டுத் துணி துவைக்கிற இடத்தில் இறங்கியது. கொத்தனாரின் மனைவி தையல் வேலை செய்கிறவர். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அந்த வேலை நடந்த நாட்களில் தினமும் பதினோரு மணிக்குச் சுவர்மேல் எனக்கு ஒரு டம்ளர் மோர் வைத்துவிட்டு, ஊசி பிடித்த விரலால் சுவரை இரண்டு தட்டுத் தட்டுவார். அன்றும் தட்டினார். "தம்பி, கோவிச்சுக்காதே. தைக்கிற துணியெல்லாம் இங்கதான் அலசறேன். ஒரே சேறா வருது, கொஞ்சம் என்னன்னு பாரேன்" என்றார். அதற்குச் சரியான வழி, மண் முழுவதையும் வெளியே அள்ளி, சுவரோரம் ஜல்லி கொட்டி, மறுபடி மண்ணை நிரப்புவது. முழுதாக ஒரு நாள் பிடிக்கும். நான், "இதுக்குப் போயாக்கா? குழாய்க்கு ஒரு சல்லடை வச்சு விட்டா தண்ணி மட்டும் வரும், மண் வராது" என்று சொல்லிவிட்டு, பழைய துணி இருந்தால் கொடுக்கும்படி கேட்டேன். தையல் துண்டெல்லாம் சின்னதாக இருக்கும் என்று சொல்லி, கொத்தனாரின் பழைய வேலைச் சட்டை ஒன்றைக் கொடுத்தார். நீலக் கட்டம் போட்டது. சிமெண்ட் பட்டு விறைத்துப் போயிருந்தது. "இனிமே இதை அவர் போட்டா என் மானம்தான் போகும், நீ எடுத்துக்கோ" என்று சிரித்தார்.

அந்தச் சட்டையைக் கிழித்து எட்டாக்கினேன். பாத்தி மண்ணில் எட்டு இடத்தில் குழி பறித்து, ஒவ்வொரு குழாயிலும் ஒரு துண்டை அமுக்கித் திணித்து, மேலே சிமெண்டும் அப்பிவிட்டு, மண்ணைத் தள்ளிக் குழிகளை மூடினேன். சல்லடை எதுவும் வைக்கவில்லை. கொத்தனார் வீட்டுப் பக்கமிருந்து பார்த்தால் எட்டுக் குழாயும் வாய் திறந்துதான் தெரியும். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. மறுநாள் சேறு வரவில்லை, தண்ணீரும் வரவில்லை. அக்கா அதற்காக மோருடன் இரண்டு வாழைப்பழமும் வைத்தார். சாயங்காலம் வேலை முடிந்து வந்த கொத்தனார் துவைக்கிற கல்மேல் ஏறி, சுவருக்கு மேலே தலையை நீட்டி, "சல்லடை வச்சியாமே? நல்ல வேலை, தம்பி" என்றார். நான் பழத்தைத் தின்றுகொண்டிருந்தேன்.

அதன் பிறகு பதினைந்தாம் தேதி மழை பிடித்தது. பதினெட்டாம் தேதி, வேலிக் கம்பம் ஒன்று சாய்ந்திருப்பதாக அந்த அம்மா சொல்லியனுப்பியதால் போனேன். கம்பம் தானாகச் சாயவில்லை. பாத்தி மண் தண்ணீர் குடித்து ஊதி, சுவர் நடுவில் நான்கு விரல் அளவு பள்ளத்துப் பக்கம் பிதுங்கியிருந்தது, அதோடு சேர்ந்து கம்பமும் போயிருந்தது. காரணம் எனக்கு நன்றாகத் தெரியும். அப்போதே கொத்தனார் வீட்டுக் கதவைத் தட்டி, சுவர்ப் பக்கம் யாரும் போக வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு நிமிடம் போதும். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அக்காவே அந்தப் பக்கமிருந்து, "தம்பி, நீயா? சுவரெல்லாம் இப்படி ஊறிப்போய் இருக்கே, பயமா இருக்கு" என்றார். நான், "மழைன்னா ஊறத்தானேக்கா செய்யும், வெயில் வந்தா காஞ்சுடும்" என்றேன். மழை நிற்கட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று கம்பத்தை மட்டும் நிமிர்த்திக் கட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் பத்தொன்பதாம் தேதி மாலை நான்கு மணிக்கு, கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போன அக்காவின் மேல் அந்தச் சுவர் விழுந்தது. உயிர் பிழைத்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்து, பாதம் நசுங்கிவிட்டது. தையல் மெஷினை அவர் அந்தக் காலால்தான் மிதிப்பார். கேள்விப்பட்டு நான் போனபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். மற்றவர்களோடு சேர்ந்து நானும் கல் அள்ளினேன். உதவிக்கு வந்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் குழாய்த் துண்டுகளைத் தேடினேன். ஆறு கிடைத்தன. சாக்கில் போட்டு என் சரக்கு வண்டியின் சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டியில் வைத்தேன். மற்ற இரண்டும் கிடைக்கவில்லை.

அதற்கு மறுநாள்தான் நான் முன்சொன்ன பொய் வாக்குமூலம் கொடுத்தது. அன்று கொத்தனாரும் வாக்குமூலம் கொடுத்தார். சுவர் தன் கையால் கட்டியது, அஸ்திவாரம் ஆழம் போதாமல் இருந்திருக்க வேண்டும், வேறு யார்மேலும் தனக்குச் சந்தேகம் இல்லை என்று சொன்னார். அவர் சொன்னது எனக்கு வெளிப் பெஞ்சு வரை கேட்டது. கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை இன்று வேறு ஒருவனைப் பற்றிச் சொல்வதுபோல்தான் சொல்ல முடிகிறது.

அதன் பிறகு நான் ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை போனேன். மூன்றாவது முறை கொத்தனாருடன் அவர்களுடைய மகளும் அங்கே இருந்தாள். "ஊருக்கெல்லாம் கட்டினீங்கப்பா. அம்மா துணி காயப்போடற இடத்துல ஒரு சுவர், அதை ஒழுங்கா கட்டத் தெரியலையா உங்களுக்கு?" என்று என் முன்னாலேயே கேட்டாள். அக்காதான் படுத்தபடியே, "சும்மா இருடி, தம்பி நிக்குது" என்று அவளை அடக்கினார். நான் நிற்பதற்காக அவர்கள் சங்கடப்பட்டார்கள்.

இம்மாதம் முதல் தேதி கொத்தனார் என் வீடு தேடி வந்தார். இப்படி மேடும் பள்ளமுமான இடத்தில் தான் கட்டிய சுவர்கள் பதினொன்று இருப்பதாகவும், அந்தந்த வீட்டுக்காரர்களிடம் நேரில் போய் எச்சரிக்க வேண்டும் என்றும், தனக்கு வண்டி இல்லை என்றும் சொன்னார். "உன்னைத் தவிர யார்கிட்ட கேட்கறது, தம்பி?" என்றார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று சாயங்காலம் இரண்டு வீட்டுக்கும் நேற்று இரண்டு வீட்டுக்கும் கூட்டிப்போனேன். ஒவ்வொரு வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, "நான் கட்டின சுவர் என் வீட்டுக்காரி மேலேயே விழுந்துடுச்சுங்க. இனிமே என் கையை நம்பாதீங்க, வேற ஆளைக் கூப்பிட்டுப் பார்த்துடுங்க" என்று சொன்னார். இரண்டாவது வீட்டில் ஒரு தாய் அவர் பேசி முடிப்பதற்குள் பிள்ளைகளைச் சுவரோரமிருந்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்தச் சுவருக்கு ஒன்றுமில்லை. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தாலும் நூல் பிசகாது. அவர் கட்டிய சுவர் எதற்குமே ஒன்றுமில்லை. போகும்போதும் வரும்போதும் அவர் உட்கார்ந்திருந்தது அந்த ஆறு குழாய்த் துண்டுகளின் மேல்.

நேற்று நான்காவது வீட்டில் அவர் மண்டியிட்டு, சுவரடியில் இருந்த ஒவ்வொரு குழாயிலும் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "இங்கே எல்லாம் திறந்திருக்கு. நம்ம வீட்டுலயும் திறந்துதானே இருந்துச்சு, தம்பி? நீ சல்லடைதானே வச்சே?" என்று கேட்டார். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. தப்பு தன்னுடையது இல்லை என்று சொல்ல ஏதாவது ஒரு வழி இருக்காதா என்று தேடித்தான் கேட்டார். நான், "ஆமாண்ணே, திறந்துதான் இருந்துச்சு" என்றேன். அவர் முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, "அப்போ என் கைதான்" என்றார். வண்டியில் வரும்போது இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்து அதையே பார்த்துக்கொண்டு வந்தார். இனிமேல் கொத்துக்கரண்டி பிடிக்கப் போவதில்லை என்றார்.

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அதிகாரி கேட்டதற்கு, தொழில் போய்விடும், பெண்கள் முகத்தில் விழிக்க முடியாது என்ற பயம்தான் என்று சொன்னேன். வேறு பெரிய காரணம் இல்லை. வெட்கமாக இருக்கிறது என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். அது வாக்குமூலத்துக்குத் தேவையில்லை என்றார். தேவையோ இல்லையோ, எழுதுங்கள் ஐயா என்று கேட்டுக்கொண்டேன். ஆறு குழாய்த் துண்டுகளையும் சாக்கோடு ஒப்படைத்திருக்கிறேன். உள்ளே துணி அப்படியே இருக்கிறது. ஒரு துண்டில் சட்டையின் பொத்தான் இன்னும் இருக்கிறது, அதைத் தைத்தது அக்கா. காட்டினால் கொத்தனார், அக்கா இருவருமே அடையாளம் சொல்வார்கள்.

இன்று மாலை நான்கு மணிக்குக் கொத்தனாரும் நானும் ஐந்தாவது வீட்டுக்குப் போவதாகப் பேச்சு. அந்த வீட்டுக்கு அவர் போகக் கூடாது. நீங்களே ஒரு போலீஸ்காரரை அனுப்பி அவரிடம் சொல்லிவிடுங்கள் என்று அதிகாரியைக் கேட்டேன். "சட்டப்படி செய்ய வேண்டியதை நாங்க செய்வோம். முதல்ல உன் வாயால கேட்கட்டும். ஒரு ஆளைக் கூட அனுப்பறேன், போய்ச் சொல்லிட்டு வா" என்றார். சம்மதித்திருக்கிறேன். கொத்தனார் மூன்றரைக்கே தன் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார். என் வண்டிச் சத்தம் கேட்டதும், இந்த மனுஷனுக்கு நம்மால் எவ்வளவு சிரமம் என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டுவார்.

இதை எழுதியவர் எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார். எதையும் கூட்டவோ குறைக்கவோ மாற்றவோ நான் கேட்கவில்லை. முதல் வாக்குமூலத்தில் சொன்னது பொய், இதில் சொன்னது உண்மை என்று அறிந்தே இடது பக்க ஓரத்திலும் கீழேயும் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
வேலி, தோட்ட வேலை செய்பவர்

என் முன்னிலையில் சொல்லப்பட்டு, எழுதி, படித்துக் காட்டப்பட்டது. நேரம் பிற்பகல் 2.50.
(ஒப்பம்)
நிலைய அதிகாரி