ரோஜாப் பாத்தியில் புதினா

"புதினாவால எனக்கு வீடு போவப் போவுதுக்கா."

அல்சூரில் பஸ்ஸுக்கு நின்ற வரிசையில் எனக்கு முன்னால் இருந்த பெண் இப்படிச் சொன்னாள். அவளோடு வந்த பெரியவள் சிரித்தாள்.

"புதினா என்னடி பண்ணும் உன்னை?"

"சட்னிக்கு ஆய்ஞ்ச காம்பை ஓனரம்மா ரோஜாப் பாத்தி ஓரமா சும்மா நட்டேன். இப்ப ரோஜாவே தெரியல, பாத்தி பூரா புதினாதான். எப்பவும் வாடி போடின்னு பேசுறவங்க, நேத்து 'மனெ காலி மாடி'ன்னு மரியாதையா சொன்னாங்க. வீட்டைக் காலி பண்ணுங்கன்னு. அந்த மரியாதைதான்க்கா பயமா இருக்கு."

"பிடுங்கிப் போட்டுட்டு கால்ல விழ வேண்டியதுதானே?"

"காலையிலேயே மண்வெட்டியால நல்லா கொத்திப் பிடுங்கிட்டேன்."

"அடிப்பாவி, கொத்தினியா? துண்டு துண்டா எல்லாமே முளைக்குமே. வேரைக் கையால உருவி வெயில்ல காயப் போடணும். திரும்ப வளர்க்கணும்னா ஓட்டை கிரசின் டின்னுல வை, வெளியே போவாது."

"சரிக்கா."

"பிடுங்கினதை எங்க போட்டே?"

"எருக்குழியிலதான்."

"யாரு எருக்குழி?"

"ஓனரம்மாதுதான். மல்லிகைப் பாத்திக்கு அந்த எருவைப் போட இன்னிக்கு ஆளு வரச் சொல்லி..."

பஸ் வந்தது. பெரியவள் ஏறினாள். இவள் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜோகுபாளையம் பக்கம் ஓடினாள்.